சபையில் சாட்சி, கோர்ட்டில் சாட்சி





ஞாயிறு ஆராதனையில் "சாட்சி சொல்ல வாஞ்சையுள்ளவர்கள் முன்னால் வரலாம்" என்று அறிவித்தால் நம் சபையில் யாருக்கும் கூச்சமே கிடையாது. காய்ச்சல் விட்டது, கடன் அடைந்தது, மகளுக்கு வரன் அமைந்தது, மில்லில் போன வேலை திரும்பக் கிடைத்தது என்று பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். ஸ்தோத்திரம். நானும் ஒவ்வொன்றுக்கும் சந்தோஷத்தோடு அல்லேலூயா சொல்லுகிறவன்தான். ஆனால் அதே வார்த்தைக்கு இன்னொரு இடமும் உண்டு. ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். மாவட்டத் தலைநகரம் விருதுநகர் என்றாலும் ஜில்லா கோர்ட் இருப்பது அங்கேதான். அந்தக் கூண்டில் ஏறி நின்று சொல்லுகிறதற்கும் சாட்சி என்றுதான் பெயர். சபையில் பத்துப் பேர் வருகிறோம். அங்கே ஏற நம்மில் எத்தனை பேர் வருவோம்?

இதை எழுத எனக்கு வெகு நாள் மனசு வரவில்லை. காரணம், இதில் நானும் தப்பு செய்தவன்.

1995 முதல் தென் மாவட்டங்கள் பற்றி எரிந்த நாட்களை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1995 ஆகஸ்ட் 31-ந் தேதி கொடியங்குளத்தில் போலீஸ் நுழைந்து வீடுகளை நொறுக்கியது. 1997-ல் நம் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு போக்குவரத்துக் கழகம் ஏற்படுத்தி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசாங்கம் வைத்தது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர். ஒரு சமுதாயத்தாருக்கு அது தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த மரியாதை. இன்னொரு சமுதாயத்தாரில் பலர் அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். பஸ் மேல் கல் விழுந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அந்த வருஷம் ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரையே அரசாங்கம் எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டமாக இருந்த நாம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான்.

அந்த நாட்களில் நம் சபையில் ஒரு சகோதரர் இருந்தார். இப்போதும் இருக்கிறார். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டில் வேலை. அவர் எந்தச் சாதி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் ஒரு பக்கம் சாய்வீர்கள், மீதிப்பேர் மறுபக்கம் சாய்வீர்கள்.

ஒரு ராத்திரி அவருடைய தெருவில் ஒரு வைக்கோல் படப்பு எரிந்தது. அதை ஒட்டி இருந்த ஒரு தாயாரின் கூரை வீடும் சேர்ந்து எரிந்தது. அந்த அம்மாவும் நம் சபை விசுவாசி. உடுத்தின சேலையோடு தெருவில் நின்றார்கள். இதில் பொய் ஒன்றுமில்லை. யாரோ தீ வைத்தார்கள். விடியும் முன்னே ஊர்க் கூட்டம் கூடி, எதிர்த்தெருப் பையன்கள் ஏழு பேர் பெயரை எழுதிவிட்டார்கள். ஏழு பேரில் ஒருவன் அன்று ராத்திரி முழுக்க நம் சகோதரருக்குப் பக்கத்துத் தறியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவன்.

கூட்டத்தில் பெரியவர் ஒருவர் சகோதரரைப் பார்த்துச் சொன்னாராம்: "ஏப்பா, நீ ஜெபம் பண்ற ஆளு. பொய் சொல்லமாட்டேன்னு ஊருக்கே தெரியும். நீ பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டா போலீஸும் நம்பும், கோர்ட்டும் நம்பும்."

தேவ ஜனமே, இந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் பொய் சொல்லாதவர் என்பதற்காகவே அவரிடம் பொய் கேட்டார்கள். அவருடைய நல்ல சாட்சியைத்தான் அவர்கள் கடன் கேட்டார்கள்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. இரவு என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, நீ பொய்க் கையெழுத்துப் போடாதது சரிதான். கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார். ஆனா இங்க இருந்தா தொந்தரவு. கொஞ்ச நாள் மாமனார் வீட்டுல போய் இரு. எல்லாம் அடங்கின பிறகு வரலாம்" என்றேன். சர்ப்பத்தின் புத்தியும் வேண்டும் என்று வசனம் வேறு காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்: "நான் போயிட்டா அந்தப் பையன் ஐயா? அவன் ஆளுங்க சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. இந்தப் பக்கத்துல தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானே?"

எனக்குப் பதில் வரவில்லை. ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். பதில் தெரியாதபோது ஜெபம் பண்ணி அனுப்புவது ஊழியக்காரர்களுக்கு எளிதான காரியம்.

பொய் சொல்லாமல் இருப்பது ஒன்று, உண்மையைச் சொல்லுவது வேறொன்று. நான் முதலாவதோடு திருப்திப்பட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டால் ஒன்பதாம் கற்பனையை மீறவில்லை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆனால் வேதம் அப்படி விடவில்லை. லேவியராகமம் 5:1-ஐ எடுத்து வாசியுங்கள். கண்டதையோ அறிந்ததையோ சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்தவன்மேலும் அக்கிரமம் சுமரும் என்று அங்கே இருக்கிறது. யாத்திராகமம் 23-ம் அதிகாரத்தின் முதல் வசனங்களோ நம் ஊர்க் கூட்டத்தை நேரில் பார்த்து எழுதினதுபோலவே இருக்கிறது. கூட்டம் ஒரு பக்கம் போகிறது என்பதற்காக வழக்கில் நியாயத்தைப் புரட்டக்கூடாது என்கிறார் கர்த்தர். திரள் கூட்டம் எகிப்தியருடைய கூட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அந்தக் கட்டளை கொடுக்கப்பட்டதே இஸ்ரவேலருக்கு, அவர்களுடைய சொந்தக் கூட்டத்தைக் குறித்து.

நாபோத்தின் சரித்திரம் 1 இராஜாக்கள் 21-ல் இருக்கிறது. யேசபேலைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவள் கண்ணுக்கு மையிட்டதைப் பற்றிக்கூட ஒரு மணி நேரம் பிரசங்கித்தவர்களை நான் அறிவேன். ஆனால் யேசபேல் தன் கையால் நாபோத்தைத் தொடவில்லை. அவள் கடிதம்தான் எழுதினாள். கடிதம் யாருக்குப் போனது? நாபோத்தின் ஊரிலேயே இருந்த பெரியவர்களுக்கு, அவனோடு கூடக் குடியிருந்தவர்களுக்கு. அவர்கள்தான் இரண்டு பேரைப் பிடித்து எதிரே உட்காரவைத்துப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தார்கள். அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் தெரியுமா? உபவாசம் கூறினார்கள்! பொய்க் கேஸுக்கு முன்னால் ஒரு உபவாசக் கூட்டம். அந்த ஊரில் ஒரே ஒருவன் எழுந்து "நாபோத் அப்படிப் பேசவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன்" என்று சொல்லியிருந்தால்? சொன்னதாக வேதத்தில் இல்லை. அந்த ஊரிலும் என்னைப்போல ஒரு ஐயா இருந்து, தெரிந்தவனை மாமனார் வீட்டுக்கு அனுப்பியிருப்பாரோ என்னவோ.

இங்கே ஒரு கேள்வி வரும். "பாஸ்டர், அப்படியானால் எல்லா இடத்திலும் எல்லாரிடத்திலும் உண்மையைக் கொட்டவேண்டுமா? கலவர நேரத்தில் எதிர்த்தரப்புக் குடும்பம் என் வீட்டில் ஒளிந்திருக்கிறது. அரிவாளோடு வந்தவன் உள்ளே யார் என்று கேட்டால், இருக்கிறார்கள் என்று சொல்லவா?" நல்ல கேள்விதான். அந்த வருஷங்களில் நம் பக்கத்துக் கிராமங்களில் இப்படி ஒளித்து வைத்துக் காப்பாற்றினவர்கள் இரண்டு தரப்பிலும் உண்டு. எகிப்தில் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் பார்வோனுக்கு நேரான பதில் சொல்லவில்லை. எரிகோவில் ராகாப் வேவுகாரரைத் தட்டைகளுக்குள் மறைத்துவிட்டு, போய்விட்டார்கள் என்றாள். வேதபண்டிதர்கள் இதைக் குறித்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தர்க்கம் பண்ணியிருக்கிறார்கள். ராகாபின் விசுவாசத்தை எபிரெயர் நிருபம் புகழுகிறதே தவிர அவள் பொய்யைப் புகழவில்லை என்பார்கள் சிலர். அந்தத் தர்க்கத்தை நான் தீர்க்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த ஸ்திரீகள் வாய் திறந்தபோது ஆபத்து அவர்கள் தலைமேல் வந்தது, வேறொருவன் உயிர் தப்பியது. நான் வாய் மூடச் சொன்னபோது ஆபத்து எங்கள் தலையைவிட்டு நீங்கியது, வேறொருவன் தலைமேல் போய் உட்கார்ந்தது. மருத்துவச்சிகளின் வசனத்தைக் காட்டி நான் தப்பமுடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த மாதங்களில் சபையில் சமாதானத்துக்காகக் கண்ணீரோடு ஜெபித்தோம். "இரண்டு தரப்பாரையும் மன்னியும் ஆண்டவரே" என்றுதான் எப்போதும் ஜெபித்தேன். கேட்க நன்றாக இருக்கும். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட ராத்திரியில் ஒரு குறிப்பிட்ட பையன் ஜெயிலுக்குப் போகும்போது, இரண்டு தரப்பும் தப்பு என்று பொதுவாகச் சொல்லுகிறது நடுநிலை அல்ல. பயந்தவனுக்கும் அந்த ஜெபம் சௌகரியமாகத்தான் இருக்கிறது. நான் அறிவேன், பண்ணினவன் நான்.

நாம் பேசுகிற சபைத் தமிழிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. "சத்தியம்" என்போம், "உண்மை" என்போம், இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்திருக்கிறோம். ஞானஸ்நான சத்தியம், அபிஷேக சத்தியம், வருகையின் சத்தியம் எல்லாம் நமக்கு விரல் நுனியில். அவர் சத்தியத்துக்குள் வந்துவிட்டார் என்றால் முழுக்கு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் தெருவில் நேற்று என்ன நடந்தது என்பது சத்தியத்தில் சேராது, அது உலகக் காரியம்! பிலாத்துவின் முன்பாக ஆண்டவர் தாம் சத்தியத்துக்குச் சாட்சி கொடுக்க வந்ததாகச் சொன்னபோது நின்ற இடம் எது? ஜெபவீடு அல்ல. விசாரணை நடந்த இடம், அதிகாரியின் முன்பு. கிரேக்க பாஷையில் சாட்சி என்பதற்கு மார்த்துஸ் என்ற வார்த்தை. கோர்ட்டில் சொல்லுகிற சாட்சிக்கும் அதுதான் வார்த்தை. ஸ்தேவானைக் குறித்து அப்போஸ்தலர் 22:20-ல் வருகிறதும் அதே வார்த்தைதான். நம் வேதத்தில் அந்த இடத்தில் இரத்தத்தோடு சேர்த்துப் படிக்கிறோம்.

நம்முடைய பகுதிக்கு இதில் ஒரு விசேஷமான கடன் உண்டு என்று நான் நினைக்கிறேன். எழுப்புதல் என்றால் 1906-ல் அமெரிக்காவின் அசூசா தெருவில் தொடங்கியது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதற்கு 46 வருஷத்துக்கு முன்னே, 1860-ல், நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் வத்திராயிருப்புப் பக்கத்துக் கிறிஸ்டியான்பேட்டையில் ஆவியானவர் ஊற்றப்பட்டார். யோவான் கிறிஸ்டியான் அருளப்பன் ஐயா என்ற தமிழர் அங்கே ஊழியம் செய்தார். 1810-ல் பிறந்தவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர், அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற தேவ மனிதனின் மாதிரியைப் பார்த்து, எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் விசுவாசத்தில் ஜீவித்தவர். அங்கே ஜனங்கள் அந்நிய பாஷைகளில் பேசினார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள், தரிசனம் கண்டார்கள். அவருடைய நாட்குறிப்புகளை வைத்து 1939-ல் இங்கிலாந்தில் ஜி.எச். லாங் என்பவர் ஒரு புத்தகமே வெளியிட்டார். நம்மில் எத்தனை பேர் பஸ் ஏறி அந்த ஊரைப் போய்ப் பார்த்திருக்கிறோம்?

நான் சொல்லவந்தது பாஷையைப் பற்றி அல்ல. அந்த எழுப்புதலைக் குறித்து எழுதியிருக்கிறவற்றில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு காரியம், ஜனங்கள் மார்பில் அடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்பாகத் தங்கள் பாவத்தை அறிக்கை செய்தார்கள் என்பது. அடுத்தவன் பாவத்தை அல்ல, தங்கள் பாவத்தை. நாமும் அறிக்கை செய்கிறோம். ஆனால் எதை? பீடி குடித்தேன், சினிமா பார்த்தேன், வீட்டில் கோபப்பட்டேன். "எங்கள் ஊர் ஒரு பொய்க் கேஸ் போட்டது, எனக்குத் தெரியும், நான் பேசாமல் இருந்தேன்" என்று அழுத ஒருவரை நான் உபவாசக் கூட்டத்தில் பார்த்ததில்லை. தனி ஆளாகச் செய்த பாவம் குத்துகிறது. நம் ஜனமாகச் சேர்ந்து செய்கிற பாவம் பாவமாகவே தெரிகிறதில்லை. அதற்கு மரியாதை, ஒற்றுமை, ஊர்க் கட்டுப்பாடு என்று வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம்.

எதிர்த்தரப்பைப் பற்றி உண்மை சொல்லத் தைரியமே தேவையில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் நம் ஆட்கள் கைதட்டுவார்கள். ஒரு கட்சிக்காரன் இன்னொரு கட்சியின் ஊழலைப் பற்றிப் பேசுவது தைரியமா? சொந்தக் கட்சியைப் பற்றிப் பேசட்டும் பார்க்கலாம். அந்தியோகியாவில் பவுல் செய்தது அதைத்தான் (கலாத்தியர் 2:11-14). பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். எருசலேமிலிருந்து சொந்த ஜனங்கள் வந்ததும் மெதுவாக எழுந்து பந்தியை மாற்றிவிட்டார். பர்னபாவும் கூடப் போனார். உபதேசம் ஒன்றும் மாறவில்லை, பந்திதான் மாறியது. பவுல் அதை எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார். அவர் கேட்டது ரோமரிடத்தில் அல்ல, தன்னைப்போல யூதனாகப் பிறந்த மூத்த அப்போஸ்தலனிடத்தில்.

பாரம்பரிய சபைகளில் கல்லறையில் சுவர் இருக்கிறது, திருச்சி மேலப்புதூரில் இருக்கிறது என்று நாம் பேசுவோம். இருக்கிறது, வெட்கம்தான். நமக்கு அப்படி ஒரு சுவர் இல்லை, காரணம் நமக்குப் பல இடத்தில் சொந்தக் கல்லறையே இல்லை! ஆனால் நம் விசுவாசிகள் கல்யாணத்துக்கு வரன் கேட்டு எழுதுகிற சீட்டுகளை நான் முப்பது வருஷமாக வாங்கி வைத்திருக்கிறேன். "இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஆவியில் நிறைந்த" என்று தொடங்கும். கடைசி வரியில் சாதிப் பெயர் வரும். அந்தக் கடைசி வரி பொருந்தவில்லையென்றால் முதல் மூன்று தகுதியும் ஒன்றுக்கும் உதவாது. நானும் அந்தச் சீட்டுகளைச் சாதி வாரியாகப் பிரித்துத்தான் பெட்டியில் வைத்திருந்தேன். தேட வசதி என்று.

தேர்தல் நேரமும் இப்படித்தான். வேட்பாளர்கள் ஜெபத்துக்கு வருகிறார்கள், வரட்டும், எல்லா மனுஷருக்காகவும் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் சால்வை போட்ட கையோடு, "கர்த்தர் உங்களுக்கு ஜெயத்தைக் கட்டளையிட்டுவிட்டார்" என்று ஆவியில் சொல்லுகிறவர்கள் உண்டு. அடுத்த நாள் எதிர்க்கட்சி வேட்பாளருக்கும் அதே வார்த்தை! ஆகாபுக்கு நானூறு பேர் அப்படித்தான் சொன்னார்கள் (1 இராஜாக்கள் 22). மிகாயாவைக் கூப்பிடப் போன ஆள் வழியிலேயே சொல்லிக்கொடுத்தான், எல்லாரும் ஒரே வாயாக நல்லது சொல்லுகிறார்கள், நீரும் அப்படியே சொல்லிவிடும் என்று. மிகாயா சொல்லவில்லை. கன்னத்தில் அடி, அப்புறம் காவல். இந்த விஷயத்தில் ஆகாபின்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட உண்டு. நானூறு பேரில் ஒருவனாவது அவனை நேசித்திருந்தால் உண்மையைச் சொல்லி அவன் உயிரைக் காப்பாற்றியிருப்பான்.

தூர தேசத்துச் சரித்திரம் ஒன்று சொல்லுகிறேன், அது நம் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் நடந்தது. தென் ஆப்பிரிக்காவில் அப்போஸ்தலிக் ஃபெய்த் மிஷன் என்ற பெந்தெகொஸ்தே சபை, நிறவெறி ஆட்சி நடந்த நாட்களில் வெள்ளையருக்கு வேறு, கறுப்பருக்கு வேறு என்று பிரிந்திருந்தது. அதில் ஊழியக்காரராயிருந்த ஃபிராங்க் சிக்கானே நிறவெறியை எதிர்த்துப் பேசினார். 1970-களில் போலீஸ் காவலில் அவரைச் சித்திரவதை செய்தபோது, அதை மேற்பார்வை பார்த்த வெள்ளைக்கார அதிகாரி யார் தெரியுமா? அதே மிஷனைச் சேர்ந்த வெள்ளையர் சபையில் ஒரு சபை உத்தியோகஸ்தர்! ஒரே அபிஷேகம், ஒரே உபதேசம். 1981-ல் அவர் அரசியலில் தலையிடுகிறார் என்று சொந்தச் சபையே அவரை ஊழியத்திலிருந்து நிறுத்தி வைத்தது. 1989-ல் அவருடைய உடைகளில் விஷம் தடவினார்கள், மரணத்தின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார்.

அந்த நாட்களில் போலீஸ் மந்திரியாயிருந்த ஆட்ரியான் ஃப்ளாக் 2006-ல் சிக்கானேயின் அலுவலகத்துக்குப் போய், தண்ணீர் எடுத்து அவர் கால்களைக் கழுவி மன்னிப்புக் கேட்டார். பாதம் கழுவுதல் நமக்குத் தெரிந்த காரியம். படிக்கிறபோது கண்ணீர் வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது அதற்கு அடுத்த வருஷம் நடந்தது. 2007-ல் அவர் கோர்ட்டில் நின்று அந்த விஷம் வைத்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்தி வைக்கப்பட்ட பத்து வருஷ தண்டனை பெற்றார். ஜெயிலுக்குப் போகவில்லை, அது போதாது என்று அந்த நாட்டிலேயே பலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் பாதம் கழுவின தண்ணீரோடு காரியம் முடிந்துபோகாமல், பெயரும் குற்றமும் கோர்ட் ரெக்கார்டில் ஏறியது. சபையில் சொல்லுகிற அறிக்கைக்கும் கோர்ட்டில் சொல்லுகிற அறிக்கைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அந்தக் கிழவர் கொஞ்சமாவது நடந்தார்.

நம் சகோதரருக்கு வருவோம். அவர் மாமனார் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தெரிந்ததைச் சொன்னார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பிறகு அந்தப் பையனின் வக்கீலிடம் போனார். வழக்கு விசாரணைக்கு வர வருஷங்கள் ஆனது. வாய்தா வாய்தாவாக, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வருவார். கோர்ட்டு பாஷையில் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு "எதிரி" என்று பெயர். ஆகவே இவருக்கு "எதிரி தரப்புச் சாட்சி" என்று பெயர். சத்துருவைச் சிநேகிக்கச் சொன்ன ஆண்டவரைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தப் பட்டத்தைக் காகிதத்தில் வாங்கின ஒரு விசுவாசியைப் பார்த்தது அதுதான் முதல் தரம்.

பையன் விடுதலையானான். தீ வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

ஊரில் அவரிடம் தலைக்கட்டு வரி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லை. கொஞ்ச நாள் தெருக்குழாயில் அவர் மனைவி குடம் வைத்தால் எடுத்துத் தள்ளி வைத்தார்கள். வீடு எரிந்த அந்தத் தாயார் என்னிடம் வந்து, "எம் வீடு எரிஞ்சது பொய்யா ஐயா? அவன் உட்கார்ற சபையில நான் உட்காரமாட்டேன்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லுகிறவர்கள் அல்ல. ஊரார் சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான். எத்தனையோ முறை போய்ப் பார்த்தேன். காபி கொடுப்பார்கள், ஜெபிக்க விடுவார்கள், சபைக்கு மட்டும் வரவில்லை. வராமலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். உண்மையைச் சொன்னால் சபை வளரும் என்று எவராவது உங்களிடம் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

சகோதரரின் அம்மா இறந்தபோது அவருடைய சனத்தில் பெட்டி தூக்க ஒருவரும் வரவில்லை. சபையிலிருந்து நாங்கள் மூன்று பேர் இருந்தோம், மற்றவர்கள் மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பையனும் அவன் சொந்தக்காரர்கள் சிலரும் தெரு முனையில் வந்து நின்றார்கள். உள்ளே வந்தால் மறுபடி கலவரம் ஆகும், அது எல்லாருக்கும் தெரியும். நின்றுகொண்டே இருந்தார்கள். நாலாவது ஆளாக வேன் டிரைவர் இறங்கி வந்து ஒரு பக்கம் தூக்கினார்.

அதற்குப் பிறகுதான் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு உன்னை ஓடிப்போகச் சொன்னேன் தம்பி" என்றேன். "ஐயா, நீங்க சொன்னப்ப போயிருவோம்னுதான் நானும் நினைச்சேன். பஸ்ஸுக்குக் காசு எண்ணிக்கூட வச்சேன்" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில் இதைச் சபையாருக்குச் சொல்லும்படி அவரைக் கேட்டேன். வாலிபர்கள் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் எழுந்திருக்கவில்லை. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது கிட்ட வந்து, "அதுல சாட்சி சொல்ல என்ன ஐயா இருக்கு? ராத்திரி பூரா தறி ஓடிச்சு. அவன் பக்கத்துல நின்னான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.